பயாஸ் தேதி

ஒன்பது மணிக்கு நூறு சதவீதம் என்றது.
பென்டிரைவைப் பிடுங்கி சுடிதார் பையில் போட்டுக்கொண்டு
மறுபடி ஆன் செய்தேன்.
கறுப்பு.
மேல்மூலையில் ஒரு சின்னக் கோடு
மின்னி மின்னி எதையோ கேட்கிறது.
பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி:
எழுந்திருக்க ஏற்ற வட்டு எதுவும் இல்லை.

குப்புராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில்.
கையில் போன், போனில் மாமனார் படம்,
கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது.
பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள்
இன்னும் வெட்டப்படாமல் ஒட்டியிருக்கிறது.
காலை பத்துக்கு எடுக்கிறார்கள். மூலக்கொத்தளம்.
ஆறு மணிக்குள் பிளெக்ஸ் தெருமுனையில் நிற்கவேண்டும்.
"இன்னாக்கா, வருமா வராதா?"
வரும் என்றேன்.
டாக்டர்களும் இதே குரலில் சொல்லியிருப்பார்கள் போல,
அவன் முகம் அப்படிப் போனது.

இந்தப் பெட்டிக்குப் பதினாறு வயது.
எருக்கஞ்சேரி ஹைரோட்டுத் தூசி மொத்தமும் அதன் நெஞ்சில்.
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
ரேமை உருவி, என் பையனின் பென்சில் ரப்பரால்
பொன்நிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, அழுத்தினேன்.
ஒரு பீப். ஒன்று என்றால் நலம்.
கேபிளை மாற்றினேன்.
வட்டு சுற்றுவது உள்ளங்கையில் தெரிகிறது.
உயிர் இருக்கிறது,
கூப்பிட்டால் திரும்பவில்லை.

டெலிட் பட்டனைத் தட்டித் தட்டி நுழைந்தேன்
அந்த நீலத் திரைக்குள்.
எழுப்பும் வரிசையில் முதல் பெயர் ஃபிளாப்பி.
அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனை வருஷம்!
ரேஷன் கார்டில் பெயர் நீக்காத ஆள்போல
முதலிடத்தில் நிற்கிறது.
கீழே தள்ளினேன்.
அப்போதுதான் வலதுபக்கம் பார்த்தேன்:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

பேட்டரி செத்திருக்கிறது. ரெண்டு ரூபாய்க் காசளவு பேட்டரி.
அது போனதும் பெட்டி
தான் பிறந்த வருஷத்துக்கே ஓடிவிட்டது.
அந்தத் தேதியில்
முனிரத்தினம் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார்.
மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கவில்லை.
குப்புராஜ் யாரோ.
இந்தக் கடை பிரவுசிங் சென்டர்,
மூன்றாவது கேபினில் நான்
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து வேலை தேடுகிறேன்.
அவனிடம் இதைச் சொல்லவில்லை.

மெடிக்கல் பாசித் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
சுகர் பார்க்கும் மெஷினைத் திறந்து பேட்டரியை எடுத்துத் தந்தார்.
"காலையில புதுசு வாங்கி வெச்சிடணும், ஆளுங்க வருவாங்க."
போட்டேன். தேதியைத் திருத்தினேன்.
அம்புக்குறியைத் தட்டத் தட்ட
பத்து, பதினொன்று,
பதினைந்து, கடைக்குள் இடுப்பளவு தண்ணீர்,
இருபது, ஷட்டரைத் திறக்காத மாதங்கள்,
இன்று.
முனிரத்தினம் மறுபடி செத்துப்போனார்.

சேமித்து வெளியே வந்தேன்.
அதே வரி.

பன்னிரண்டரைக்கு எங்கிருந்தோ டீ வாங்கி வந்தான்.
காசு கொடுக்கப் பையில் கைவிட்டபோது
பென்டிரைவ் விரலில் இடித்தது.
சீ.
புது சிஸ்டத்தை வட்டில் இறக்கிவிட்டு
அதை எழுப்பும் துண்டை மட்டும்
இதில் எழுதித் தொலைத்திருக்கிறேன்.
வீட்டைக் கட்டி முடித்து
வாசற்படியைப் பையில் போட்டுக்கொண்டு
மூன்றரை மணி நேரமாகச் சுவரில் முட்டியவள்.

சொருகினேன். வரிசையில் இதை முதலில் வைத்தேன்.
ஒரு நொடி கறுப்பு. பிறகு வட்டம் சுற்றியது.

கண்ணீர் அஞ்சலி என்று அடித்தால்
கட்டம் கட்டமாக வருகிறது.
எழுத்துருக்களைத் தேடி ஏற்ற இன்னும் அரைமணி.
தோளை வெட்டினேன். பின்னால் வானம் வைத்தேன்,
மேகம் வேண்டாம் என்றான்.
மூன்று பத்துக்கு ஃபைலை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஒழுங்காகச் சரிசெய்ய இன்னொரு நாள் வேண்டும்.
இப்போதைக்குப் பெட்டியின் நெற்றியில்
செல்லோடேப் ஒட்டி எழுதினேன்:
பென்டிரைவைப் பிடுங்காதே.

குப்புராஜ் அதை இரண்டு தடவை படித்தான்.
"ஆஸ்பத்திரியில குழாய எடுத்துடலாமான்னு கேட்டாங்கக்கா,
நான்தான் கையெழுத்து போட்டேன்."
என்ன சொல்ல. பாக்கிப் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.
வெளியே அவன் வண்டியை உதைக்கிற சத்தம்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது உதையில் எழுந்தது.